தூய்மைக் காலத்து வேட்பாளர்

"தொலைஞ்சு போனவங்களுக்கு, தாங்க தொலைஞ்சுட்டோம்னு தெரியுமாம்மா?"

மகள் இதைக் கேட்டது எப்போதோ ஒரு மழைநாளில். அன்று தொலைந்திருந்தது அடுத்த வீட்டுப் பூனை. தையல்காரி யாருடைய கால்சட்டையையோ ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சா திரும்பி வந்துடாதா?" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பூனை சாயங்காலமே வந்துவிட்டது. கேள்விதான் பதில் கிடைக்காமல் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது தொலைந்திருப்பவர் அவளுடைய மாமனார்.

அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஞாபகம் ஒவ்வொரு திருகாகக் கழன்றுகொண்டே வந்தது. மருமகள் பெயர் மறந்தது, பேத்தி பெயர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது. பஸ் நிறுத்தங்களின் வரிசை மட்டும் மறக்கவில்லை. அன்று காலை பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சு" என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். அவளும் "டாட்டா தாத்தா" என்றிருக்கிறாள். அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். தையல்காரி குளித்துவிட்டு வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. அவருடைய இதய மாத்திரை அலமாரியில் அப்படியே இருந்தது. அந்த மாத்திரையை விட்டுவிட்டால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லியிருந்தார்.

கணவன் கப்பலில் சமையல்காரன். எங்கோ நடுக்கடலிலிருந்து விட்டு விட்டுக் கேட்ட குரலில், "கடவுள்கிட்ட சொல்லு... போலீஸ்ல சொல்லு... தளத்துல போடு..." என்றான். அதே வரிசையில் அவளும் செய்தாள்.

கடவுளிடம் சொன்னாள். அங்கே காத்திருப்போர் வரிசை எதுவும் இல்லை.

போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் தேர்தல் பந்தோபஸ்துக்குப் போகிறார்கள், தேர்தல் முடிந்ததும் தேடுவோம் என்றார்கள். "அதுவரைக்கும் தளத்துல போடுங்கம்மா. அதுல போட்டா ஊசி விழுந்தாக்கூடக் கிடைச்சிடும்."

தளம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊரே கண்விழிப்பது அதில்தான், சண்டை போடுவது அதில்தான், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதும் அதில்தான். தையல்காரி மாமாவின் படத்தைப் போட்டு, காணவில்லை என்று எழுதினாள். தளம் அதை அவளுடைய சித்தி மகளுக்கும், ஒரு கேஸ் அடுப்புக் கடைக்கும் காட்டியது. சித்தி மகள் அழுகிற முகம் ஒன்றை அனுப்பினாள். அடுப்புக் கடை ஒரு கட்டைவிரலை அனுப்பியது. பிறகு தளமே தோளில் கைபோட்டு யோசனை சொன்னது: கொஞ்சம் பணம் கட்டினால் இதை விளம்பரமாக ஊர் முழுக்கக் காட்டுவோம்.

கட்டினாள். தளம் பணத்தை உடனே வாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் பதில் வந்தது.

"வணக்கம்! தேர்தலை முன்னிட்டு இப்போது தூய்மைக் காலம் நடைபெறுகிறது. தூய்மைக் காலத்தில் அரசியல் விளம்பரங்களை நாங்கள் ஏற்பதில்லை. உங்கள் வேட்பாளருக்கு எங்கள் வாழ்த்துகள்."

அவள் இரண்டு தடவை படித்தாள். மகள் எட்டிப் பார்த்து, "தாத்தா எலெக்‌ஷன்ல நிக்கிறாராம்மா?" என்றாள்.

"அவரு எங்க நிக்கிறாருன்னுதான்டி தேடிட்டிருக்கோம்."

தவறு படத்தில் இருந்தது. மாமா கேமராவைப் பார்த்துச் சிரித்த படம் வாழ்க்கையிலேயே ஒன்றுதான். பணியின் கடைசி நாளில், டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தபோது டிப்போவில் யாரோ எடுத்தது. பஸ்ஸில் மாலை வேறு தொங்கிற்று. தளத்தின் இயந்திரம் ஆராய்ந்தது: பெரிய முகம், சிரிப்பு, வண்டி, மாலை, ஜனங்களை நோக்கி அசையும் கை. உலகத்தில் இப்படி இருக்கிறவர்கள் ஓட்டுக் கேட்கிறவர்கள்தான். ஒரு மனிதன் காரியம் எதுவும் இல்லாமல் இன்னொரு மனிதனுக்குக் கையசைப்பான் என்று அந்த இயந்திரத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

தையல்காரிக்கு வெட்டுவதும் ஒட்டுவதும் கைவந்த வேலை. பஸ்ஸை வெட்டினாள், மாலையை வெட்டினாள். கையை வெட்டும்போது மட்டும் மனசு ஒரு மாதிரி ஆனது. அனுப்பினாள்.

"நிராகரிக்கப்பட்டது. காரணம்: பிரசார சைகையை மறைக்க முயற்சி."

முகத்தை மட்டும் வைத்து அனுப்பினாள்.

"நிராகரிக்கப்பட்டது. காரணம்: 'காணவில்லை' என்ற சொல். இது பதவியில் இருப்பவர் தொகுதிப் பக்கம் வராததைக் குத்திக்காட்டுவதாக அறிகிறோம்."

'காணவில்லை'யை எடுத்துவிட்டு, 'ஞாபக மறதி உள்ளவர், வழி தெரியாமல் எங்கோ அலைகிறார், பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்' என்று எழுதினாள்.

"நிராகரிக்கப்பட்டது. காரணம்: வாக்குறுதிகளை மறந்த தலைவர் ஒருவர் மீதான தனிப்பட்ட தாக்குதல். அந்தத் தலைவர் யார் என்பது எல்லோருக்கும் எளிதில் புரியும்படி உள்ளது."

இதற்கு நடுவே தளத்தில் வேறு விளம்பரங்கள் தங்கு தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன. தொகுதியின் இப்போதைய உறுப்பினருக்கு மெத்தைக் கம்பெனி ஒன்று உண்டு. தூய்மைக் காலம் தொடங்கிய அன்றே கம்பெனி புது மெத்தையை அறிமுகப்படுத்தியது. விளம்பரத்தில் மெத்தை ஒரு ஓரமாக, நகத்தளவு தெரிந்தது. மீதி இடமெல்லாம் உறுப்பினர். திறந்த வண்டியில் நின்று, மாலையும் கழுத்துமாக, இரண்டு கையையும் அசைத்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: "இன்னும் ஐந்து வருடம் கவலையில்லாமல் தூங்குங்கள்."

எதிர்த்து நிற்பவர் லேசுப்பட்டவரா? மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றை அவசரமாக வாங்கிப்போட்டு, "இத்தனை வருடம் ஏமாந்தது போதும், இனியாவது பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்று அவரும் விளம்பரம் செய்துகொண்டிருந்தார். தையல்காரி ஒவ்வொரு தடவை நிராகரிப்பைப் படித்து முடித்ததும் தளம் அவளுக்கு மெத்தையைக் காட்டியது. அவள் சரியாகத் தூங்குவதில்லை என்பது அதற்கு எப்படியோ தெரிந்திருந்தது.

மேல்முறையீட்டுக்கு 'அன்பு' என்று பெயர் வைத்த ஒரு பேசும் இயந்திரம் இருந்தது.

"உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்றது அன்பு. "படத்தில் உள்ளவர் வேட்பாளர் இல்லை என்பதை நிரூபிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அவரே தன் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, 'நான் தேர்தலில் நிற்கவில்லை' என்று சொல்லும் காணொளியை அனுப்பவும்."

"அவரைக் காணோம். அதுக்குத்தான் விளம்பரமே" என்று தையல்காரி எழுதினாள்.

"உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. அவர் கிடைத்ததும் அனுப்பினால் போதும். பிறகு விளம்பரம் உடனே வெளியாகும். அவசரம் எதுவும் இல்லை."

மகளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, தளத்தின் அலுவலகத்துக்கே கிளம்பிவிட்டாள்.

கண்ணாடிக் கட்டடம். வாசலில் 'எல்லோருக்கும் திறந்த வாசல்' என்று எழுதியிருந்தது. அதைத் திறக்க அட்டை வேண்டும். உள்ளே 'வெளிப்படைத்தன்மைப் பிரிவு' என்ற அறையின் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் பேச்சைக் கேட்டுவிட்டு, "அரசியலா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள், ஏதோ தொற்றுநோயைக் கேட்பதுபோல. பிறகு நம்பிக்கை அதிகாரியின் அறைக்கு அனுப்பினாள்.

நம்பிக்கை அதிகாரி இளைஞர். முழங்கை வரை மடித்த சட்டை, சிரித்த முகம். தண்ணீர் கொடுத்தார். தையல்காரி சொன்னதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மாமாவின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, தள்ளி நின்று ரசித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல முகவெட்டு, மேடம். ஜெயிக்கிற முகம்."

"சார், அவரு பஸ் டிரைவர்."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எளிய பின்னணி."

"மாத்திரை சாப்பிடலைன்னா உசுருக்கே ஆபத்து சார்."

"புரியுது மேடம். ஆனா எங்க நிலைமையையும் நீங்க பார்க்கணும்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "போன தேர்தல்ல யார் காசு குடுத்தாலும் வாங்கிட்டு எதை வேணா போட்டோம். பொய், புரளி, எல்லாம். ஊரே எங்களைத் திட்டிச்சு. ரொம்ப மனசு கஷ்டப்பட்டோம். அப்புறம்தான் இந்தத் தூய்மைக் காலத்தைக் கொண்டு வந்தோம். இப்ப யாராச்சும் 'எனக்கு ஓட்டுப் போடுங்க'ன்னு நேர்மையாச் சொன்னா, உடனே தடுத்துடுவோம். சொல்லாமச் சொன்னா தடுக்க மாட்டோம். ஏன்னா, சொல்லலையே! சொல்லாததைத் தடுத்தா அது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் இல்லையா?"

"அப்ப அந்த மெத்தை?"

"அது தூக்கம் சம்பந்தப்பட்டது."

"மெத்தையே தெரியலையே சார் அதுல."

"அதுதான் மேடம் கலை. மெத்தைக்காரங்க எங்களுக்கு ரொம்ப வருஷத்துப் பழக்கம். அவங்களுக்குன்னு தனியா ஒரு ஆளே வெச்சிருக்கோம், எந்த வார்த்தை போட்டா மெஷின்ல மாட்டாதுன்னு சொல்லிக் குடுக்க. உங்க மாமாவுக்கும் ஒரு கம்பெனி இருந்திருந்தா எவ்வளவோ வசதியா இருந்திருக்கும். சோப்பு, பல்பொடி, எதாவது... கிடையாதா? அட."

உண்மையான வருத்தத்துடன்தான் உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க ஒரு மனுஷர்தானே சார்? உங்க கண்ணால பாருங்க. இது காணாமப் போன ஆள்னு உங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது மேடம்."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லி விடச் சொல்லுங்க."

"அதுதான் முடியாது. மனுஷங்க முடிவு எடுத்தாப் பாரபட்சம் வந்துடும். அதனால எங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சு நாங்க எதுவும் செய்யக் கூடாதுன்னு விதி. அந்த விதியை எழுதினதே நான்தான்." அவர் எழுந்து நின்று கைகூப்பினார். "நாளைக்குச் சாயங்காலம் தூய்மைக் காலத்தைப் பத்திப் பெரிய கூட்டம் இருக்கு. எங்க தலைமை அதிகாரி வர்றாங்க. பொதுமக்கள் வரலாம். வந்து கேளுங்க. உங்களை மாதிரி ஆட்கள்தான் எங்களுக்கு முக்கியம்."

தையல்காரி வாசலுக்கு வந்தாள். கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போடலாம். தண்ணீர் கொடுக்கிறார்களே!

மறுநாள் மண்டபத்தில் குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. முன் வரிசையில் டிவிக்காரர்கள். மெத்தைக் கம்பெனி அன்பளித்த மெத்தென்ற நாற்காலிகள். தலைமை அதிகாரி மேடையேறினார். கழுத்தில் முத்துமாலை போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. பேசும்போது அடிக்கடி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"தேர்தல் என்பது புனிதமானது. அதில் பணம் விளையாடக் கூடாது. அதனால்தான் இந்தக் காலத்தில் வரும் பணத்தை அரசியல் என்ற கணக்கில் நாங்கள் வாங்குவதே இல்லை. வேறு கணக்கில்தான் வாங்குகிறோம்." கைதட்டல். "அரசியல் விளம்பரங்கள் அடியோடு நின்றுவிட்டன. அதே சமயம் வீட்டு உபயோகப் பொருள் விளம்பரங்கள் இதுவரை காணாத அளவு உயர்ந்துள்ளன. ஜனநாயகத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை வந்தால் அவர்கள் மெத்தை வாங்குகிறார்கள். இதை எங்கள் ஆய்வாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள்." மறுபடி கைதட்டல்.

"எங்கள் பாதுகாப்பு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு மர்ம வேட்பாளர், திரும்பத் திரும்ப வாசகத்தையும் படத்தையும் மாற்றி, எங்கள் தளத்தில் நுழையப் பார்த்தார். முதலில் வண்டியோடு வந்தார். பிறகு வண்டியில்லாமல் வந்தார். கையை மறைத்துக்கொண்டு வந்தார். கடைசியில் அனுதாபம் தேடி வந்தார். ஒவ்வொரு தடவையும் தடுத்தோம்!"

பின்னாலிருந்த பெரிய திரையில் மாமா தோன்றினார். சுவர் உயரத்துக்கு. பஸ், மாலை, ஜன்னல், நீட்டிய கை. எல்லாம் துல்லியமாக, காக்கிச் சட்டையின் கிழிந்த பட்டன் துளையை அவளே தைத்தது உட்பட. டிவி கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.

முகம் மட்டும் இல்லை. கழுத்துக்கு மேலே கலங்கிய கஞ்சிபோல ஒரு வட்டம்.

"தனிமனிதரின் அந்தரங்கம் எங்களுக்கு உயிர். அதனால் முகத்தை மறைத்திருக்கிறோம்" என்று தலைமை அதிகாரி நெஞ்சில் கைவைத்தார்.

தையல்காரி எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"முகத்தைக் காட்டுங்க! ஒரே ஒரு நிமிஷம் அவரோட முகத்தைக் காட்டுங்க! ஊரே பார்க்குது, யாராச்சும் அடையாளம் சொல்வாங்க! அவரு என் மாமா!"

காவலர் இரண்டு பேர் மரியாதையாகவே அவள் தோளைத் தொட்டார்கள். நம்பிக்கை அதிகாரி ஓடி வந்து காதருகே குனிந்தார். "மேடம், இங்க கோஷம் போடக் கூடாது. தூய்மைக் காலம்."

வெளியே தள்ளவில்லை. நடத்திக்கொண்டு வந்து விட்டார்கள். கையில் ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே குட்டித் தலையணை இருந்தது.

எதிரே பஸ் நிறுத்தம். அதன் படியில் உட்கார்ந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்தத் தலையணையால் தளத்துக்குக் கிடைத்த புண்ணியம் அவ்வளவுதான்.

நிறுத்தத்தின் பின்சுவரில் ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளில் பசை வாளி தொங்கியது. ஒட்டியது மெத்தைக்கார உறுப்பினரின் முகம். சுவரில் மெத்தை தேவைப்படவில்லை. நேராகவே ஓட்டுக் கேட்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, யாராவது தவறிட்டாங்களா?"

அவள் சொன்னாள். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வேதனை புரிகிறது என்று சொல்லவில்லை.

"படம் வெச்சிருக்கியா?"

கைப்பையில் ஒரு கட்டு நகல்கள் இருந்தன. படத்துக்குக் கீழே போன் நம்பர் எழுதி, தெருமுனைக் கடையில் எடுத்தவை. யார் கையில் கொடுப்பது, எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் மடித்து வைத்திருந்தாள்.

"டிரைவர்னா சொன்ன? பஸ் ஸ்டாப்பா பார்த்து ஒட்டிடுவோம். நான் எப்படியும் டிப்போ வரைக்கும் போறவன்."

"சுவர்ல இடமே இல்லையேண்ணா. எல்லாம் உங்க ஆளுங்க முகமா இருக்கு."

"அது மேலதான் ஒட்டணும்." அவர் உறுப்பினரின் ஈர முகத்தில் பசையைத் தாராளமாகப் பூசினார். "இந்த ஆளு முகம் ஊரெல்லாம் இருக்கு. அங்கங்க ஒண்ணு மறைஞ்சா இவரு என்ன தொலைஞ்சா போயிடப் போறாரு?"

மாமா சுவரில் ஏறினார். முகத்தோடு, கையோடு.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. பேசியது ஒரு பஸ் டிரைவர். ஊர்க்கோடி டிப்போவிலிருந்து.

"அக்கா, உங்க மாமா இங்க டிரைவருங்க படுக்கிற ரூம்ல இருக்காருக்கா. நாங்க வேற டிப்போக்காரர்னு நினைச்சோம். காக்கிச் சட்டை, போர்வையை அவ்வளவு அழகா மடிச்சு வைக்கிறாரு, ஒரு சந்தேகமும் வரலை. தினம் என் வண்டில ஏறி எனக்குப் பின்னாடி உட்கார்ந்துப்பாரு. 'பிரேக்கை மிதிக்காதப்பா, தடவு'ன்னு சொல்லுவாரு. இன்னிக்கு ஸ்டாப்ல வண்டியை நிறுத்தினா எதிர்ல சுவர்ல அவரு! திரும்பிப் பார்த்தா பின்னாடியும் அவரு! கொஞ்சம் மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்க."

மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர், "இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

அன்று மகள் தாத்தாவின் மடியை விட்டு இறங்கவில்லை. "தாத்தாவுக்குத் தான் தொலைஞ்சது தெரியவே இல்லையாம்மா?"

"தெரியலை. அந்தக் கண்ணாடி ஆபீஸ்காரங்களுக்கும் தெரியலை."

"அவங்களை யாரு தேடுவாங்க?"



தேர்தல் முடிந்தது. மெத்தைக்காரர் ஜெயித்தார். அடுத்த காலை தளத்திலிருந்து செய்தி வந்தது: "மகிழ்ச்சியான செய்தி! தூய்மைக் காலம் முடிந்தது. உங்கள் வேட்பாளரின் விளம்பரம் ஏற்கப்பட்டது." ஊர் முழுக்க எல்லாக் கைபேசிகளிலும் மாமா கையசைத்தார். கண்டதாகச் சொல்லி ஆட்கள் போன் செய்தபடி இருந்தார்கள். மாமாவே மருமகளின் கைபேசியில் அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவன்? ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற விதமே சொல்லுது, நல்ல டிரைவர்" என்றார்.

சுவரொட்டிக்காரரைத் தேடிப் போனாள். அவர் ஒரு மதில் முன்னால் நின்று தகட்டால் காய்ந்த காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"தலைவர் மூஞ்சி மேல ஒட்டினதை யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க" என்று சிரித்தார். "நகராட்சி எல்லாத்தையும் சுத்தம் பண்ணச் சொல்லிருச்சாம். ஒட்டினவனே சுரண்டு, கூலி கிடையாதுன்னு கட்சிக்காரங்க சொல்லிட்டாங்க. நாளைக்கு உங்க தெருவுல இருந்து டிப்போ ரோடு வரைக்கும் சுரண்டணும். போகட்டும் விடு. பெரியவர் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காருண்ணா. உங்களுக்கு நான்..."

"இந்தா, நன்றி கின்றின்னு எதையும் தூக்கிட்டு வந்துடாத தங்கச்சி. எனக்குக் கூச்சமா இருக்கும். வீட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குத்தான் போனாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கத் தொடங்கும்போது, மகளும் மாமாவும் தூங்கிக்கொண்டிருக்க, கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஒரு வாளி வெந்நீரும் சுரண்டும் தகடுமாக இறங்கினாள். தெருவில் ஆள் இல்லை. சுவரை முதலில் நன்றாக நனைத்தாள். பழைய தையலைப் பிரிப்பது போலத்தான்; ஊறவிட்டு, ஓரத்தைக் கண்டுபிடித்து, இழுக்க வேண்டும். உறுப்பினரின் சிரிப்பு நீளவாக்கில் உரிந்து வந்தது. அடுத்த சுவர், அதற்கடுத்த மதில், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர். விரல் நுனியெல்லாம் பசை. கடைசியாகப் பஸ் நிறுத்தம். அங்கே உறுப்பினருக்கு மேல் மாமா இருந்தார். சற்றே தயங்கி, இரண்டு பேரையும் சேர்த்தே உரித்தெடுத்தாள். சுவர் வெறுமையாக, ஈரமாக நின்றது.

தூரத்தில் சைக்கிளில் வாளி இடிபடும் சத்தம் கேட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டாள். அவர் அந்தச் சுவரைப் பார்த்து என்ன நினைத்தாரோ, அதைத் தெரிந்துகொள்ள அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மாமா விழித்திருந்தார். அவள் கையையும் வாளியையும் பார்த்தார்.

"டூட்டி முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது மாமா" என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுக்கப் போனாள்.